சம்பந்தியின் கொள்கை விளக்கக் கூட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. மனசு வெகுநாளைக்குப் பிறகு குளிர்ந்திருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் 'போதும், விடும்மா' என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மாமனார் தேர்தலில் நிற்கிறார். சிரிக்காதே. சுவரெல்லாம் அவர் முகம்தான். நம் கடை ஷட்டரிலும் ஒட்டிவிட்டார்கள். தினமும் அவரைச் சுருட்டி மேலே ஏற்றித்தான் கடை திறக்கிறேன். அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

அப்பா போனபின் நான் நடத்தும் இந்த மைக் செட்டைத்தான் கட்சிக்காரர்கள் அவர் கூட்டத்துக்குப் பிடித்தார்கள். ஊரில் வேறு நல்ல செட் கிடையாது. மேடையேறும்போது என்னைப் பார்த்தவர், கண்ணில் தூசி விழுந்தமாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேச்சில் முதலில் உள்நாடு. வரியைக் குறைப்பாராம், சின்னக் கடைக்காரர்களை அதிகாரிகள் தொல்லை செய்ய விடமாட்டாராம். பொய் சொல்லக்கூடாது, அதற்கு நானும் தலையாட்டினேன். பிறகு குடும்பம். குடும்பம்தான் நாட்டுக்கு அஸ்திவாரம், விவாகரத்தைச் சுலபமாக்கியதால்தான் எல்லாம் கெட்டது என்றார். அப்புறம் வெளிநாடு. எல்லையை இறுக்கி மூடவேண்டும், அடுத்தவன் சண்டைக்கு நம் பிள்ளைகளை அனுப்பக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார். தாய்மார்கள் வெளிநாட்டுக்குக் கடத்திக்கொண்டு போன குழந்தைகளைத் திருப்பி அனுப்பும்படி எல்லா நாடுகளோடும் ஒப்பந்தம் போடுவாராம். 'என் பேத்தியையே என் மருமக கடத்திட்டுப் போயிட்டா. நான் ஜெயிச்சா முதல் கையெழுத்து அதுக்குத்தான்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. பேச்சு ஊருக்கு, குறி உன் பிள்ளைமேல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வேலைக்குப் போகிறேன் என்று சொன்னதற்காக உன்னை மாடி அறையில் வைத்துப் பூட்டிய மனுஷன் இவர். அன்றைக்கு உன் புருஷன் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். மேடைப் பக்கத்தில் என் கையருகிலேயே மைக் ஒயர் இருந்தது, பிடுங்கினால் கூட்டம் முடிந்தது. ஆனால் எதிர்க்கட்சியின் சதி என்று சொல்லி அனுதாப ஓட்டு வாங்கிவிடுவார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம். கை மைக்கை எடுத்துக்கொண்டு ஆட்களிடம் போவது நம் வேலைதானே. கட்சிச் செயலாளர் முன்பே என் காதில் ஓதியிருந்தார், 'முன்வரிசையைத் தாண்டிப் போகாதீங்கக்கா' என்று. முன்வரிசை முழுக்க அவர்களே உட்காரவைத்த ஆட்கள். மருந்துக்கடைக்காரர் எல்லையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டார், இவர் முழங்கினார். அடுத்து நான் மைக்கை நீட்டியது, அதே முன்வரிசையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த உன் மாமியாரிடம். 'சம்பந்தியம்மா, மருமக ஏன் போனான்னு நீங்களே சொல்லுங்க' என்றேன்.

நல்ல எண்ணத்தில் கொடுக்கவில்லை. உன்னை மேலே பூட்டிவைத்திருக்கும்போது கீழே சமைத்துக்கொண்டிருந்தவள்தானே. ஊர் முன்னால் அவளும் பொய் சொல்லி நாறட்டும் என்றுதான் கொடுத்தேன்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். 'அவ யாரையும் கடத்தல. இவரு பூட்டிவெச்சாரு. இவரு தூங்கறப்போ சாவிய எடுத்துக் கதவத் தெறந்துவிட்டது நான்தான்' என்றாள்.

உன் மாமனார் மேடையில் வாயைத் திறந்து திறந்து மூடினார். செயலாளர் 'அணைங்க, அணைங்க' என்று கையை ஆட்டினார். எனக்குத்தான் முழங்கால் வலி ஆயிற்றே, மைக்கை அணைக்க மெதுவாகத்தான் நடந்து போனேன்.

அடியே, என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை? யாரிடமும் மூச்சுவிடாதே என்று உன் மாமியார் உன்னிடம் சத்தியம் வாங்கினாராமே. இத்தனை வருஷமாக சம்பந்தியம்மாவுக்கு நான் கொடுத்த சாபத்தையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உன் மாமனார் தலையிலேயே கொட்டிவிட்டேன், வீணாகப் போகவேண்டாம்.

அன்றைக்கே சம்பந்தியம்மா ஒரு துணிப்பையோடு இங்கே வந்துவிட்டார். மறுநாள் உன் மாமனார் கட்சிக்காரர்களோடு வாசலில் நின்றார். 'என் பொண்டாட்டிய அனுப்புங்க, எலக்‌ஷன் முடியட்டும், பேசிக்கலாம்' என்று கெஞ்சினார். ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. 'எல்லைய மூடியாச்சு. உங்க கொள்கைதானே' என்று கதவைச் சாத்தினேன். கூட வந்த கட்சிக்காரன் ஒருவனே சிரித்துவிட்டான். நேற்றுச் சந்தைத் திடலில் பேசியபோது அந்த ஒப்பந்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். கூட்டத்தில் யாரோ 'சாவி எங்கே?' என்று கத்தினார்களாம்.

அடுத்த வாரம் ஓட்டு. ஜெயித்தாலும் ஜெயிப்பார், வரி குறைந்தால் போதும் என்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஜெயித்துவிட்டு உன் பிள்ளையின் பேச்சை எடுக்கட்டும், அப்புறம் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தியம்மா உன் கட்டிலில்தான் படுக்கிறார். பசிக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார், 'பேத்தி குரலை ஒருதரம் கேக்கலாமா?' என்று. நான் யார் முடிவு சொல்ல? உன் பிள்ளை, உன் இஷ்டம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. உன் மாமனார் காதில் மட்டும் சாகிறவரை அந்தக் குரல் விழாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒப்பந்தம், கையெழுத்து என்ற பேச்சு ஓயும்வரை 'வா' என்று எழுதமாட்டேன். குழந்தை நம் பேச்சை மறந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள். கேட்பதற்கு இங்கே இரண்டு கிழவிகள் இருக்கிறோம்.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா