பேச்சிமொட்டைப் பிடிமண்

கீழணைக் காலனி
19.1.2025

அன்புத் தம்பி பெருமாள்ராஜுக்கு அக்கா தங்கத்தாய் எழுதுகிறேன்.

நான் சுகம். நீயும் கலையரசியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு வருவாய் என்று கருப்பட்டி வாங்கி வைத்திருந்தேன். நீ வரவில்லை, உன் பேப்பர் மட்டும் வந்தது. போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துவோம், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பேப்பரை மூன்று தடவை படித்தேன். வக்கீல் குமாஸ்தா எழுதியது அல்லவா, சுத்தமாக இருக்கிறது. பேச்சிமொட்டை உச்சியில் இருக்கும் நம் பேச்சியம்மனைப் பிடிமண் எடுத்து, பாளையங்கோட்டையில் உன் பிளாட்டில் கோவில் கட்டி வைக்கப் போகிறீர்கள். அந்த ஒரு பிடி மண்ணை எடுக்க ஃபாரஸ்ட் ஆபீசர் மலையடிவாரக் கேட்டைத் திறந்து விடுவார். அதற்குப் பதிலாக, 'தெய்வம் கீழே இடம் மாறிவிட்டது, இனி மலையேற அனுமதி கேட்க மாட்டோம்' என்று இருபத்துமூன்று குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு போட்டாயிற்று. தேயிலை எஸ்டேட்டை மூடி நம்மைக் கீழே இறக்கிய நாளிலிருந்து, சித்திரைக் கொடைவிழாவுக்கு மேலே போகும் பாஸ் என் பேரில்தான் வருகிறது. என் கையெழுத்து இல்லாமல் உங்களுக்குக் கேட் திறக்காது.

நான் போட மாட்டேன்.

கருப்பட்டியை மினி பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மழையில் நனைய விடாதே.

உன் அக்கா
தங்கத்தாய்


பாளையங்கோட்டை
27.1.2025

அன்புள்ள அக்காவுக்குப் பெருமாள்ராஜ் வணக்கம்.

கருப்பட்டி வந்தது. கலையரசி காப்பி போட்டுத் தந்தாள். குடிக்கும்போது உன் மேல் கோபமாகவே இருந்தது.

போன வருஷம் கேட்டில் நடந்ததை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. காவலுக்கு நின்றவன் வயசில் என் மகனைவிடச் சின்னவன். பொங்கல் அரிசியைக் கவிழ்த்துப் பார்த்தான். மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, "என்னவே இது?" என்று மோந்து பார்த்தான். தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். கடைசியில் தீ மூட்டாமல் ஊறிய பச்சரிசியில் வெல்லத்தைப் பிசைந்து படைத்துவிட்டு வந்தோம். இறங்கும்போது பாலம்மாள் அத்தை சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனது. இனி அவள் எந்தக் காலத்தில் பேச்சியைப் பார்ப்பாள்?

பெற்ற தாயைப் பார்க்க எவனிடமும் நான் பாஸ் கேட்க மாட்டேன். அவளை என் நிலத்தில் கொண்டுவந்து வைப்பேன். பூட்டு இருக்காது, கேட் இருக்காது. யார் வந்து மறிக்கிறான் என்று பார்க்கிறேன்.

பேச்சி ஒன்றும் மலையிலேயே முளைத்தவள் இல்லை. எஸ்டேட் போட்ட புதிதில் பூட்டன் சுடலைமாடன் சேரன்மகாதேவி ஆற்றங்கரைக் கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து மேலே கொண்டுபோனார். பிடிமண்ணாக ஏறியவள் பிடிமண்ணாக இறங்கக் கூடாதா?

இன்னொன்று. சொல்லக் கூடாதுதான், சொல்ல வைக்கிறாய். நீ கட்டிக்கொடுத்த பெண். உன் வீட்டுச் சாமி திருச்செந்தூர்ப் பக்கத்து இசக்கி. எங்கள் சாமிக்கு நீ ஏன் குறுக்கே நிற்கிறாய்?

உன் தம்பி
பெருமாள்ராஜ்


கீழணைக் காலனி
9.2.2025

தம்பிக்கு,

கட்டிக்கொடுத்தவள்தான். உன் மச்சான் இருந்தவரை இசக்கிக்கும் பொங்கலிட்டேன், பேச்சிக்கும் பொங்கலிட்டேன். இரண்டு பேரில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. உனக்குத்தான் கோபம் வருகிறது.

பூட்டன் கதையில் பாதியைச் சொல்லியிருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன். அப்பா சொன்னதுதான், நீ தூங்கிவிட்டிருப்பாய். பூட்டன் மண்முடிச்சோடு உச்சிக்குப் போனபோது பாறையில் ஏற்கனவே எண்ணெய்க் கரி இருந்தது. மலையிலேயே குடியிருந்த காணிக்காரர்கள் ஒரு கல்லின் முன்னால் தேனும் தினைமாவும் வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் பயந்துபோய் நின்றார். அவர்களில் மூத்தவர், "மலையே அவதான். நீ கொண்டாந்த மண்ணையும் அவ மேலயே போடு" என்றாராம். அவர்கள் இடம் கொடுத்துத்தான் நாம் அங்கே கும்பிட்டோம்.

அவர்களுக்கும் முன்னால் ஆள் இருந்திருக்கிறது. கல்லுக்குப் பின்னால் குகையில் வழவழவென்று ஐந்து படுக்கை வெட்டியிருக்கிறதே, சமண முனிவர்கள் படுத்தது என்று காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து அளந்துகொண்டு போனாரே. சின்னப் பிள்ளையில் அதில் நீ படுத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாய். பங்குனியில் ஏறிய சாமியார்கள் அங்கே அகத்தியர் பாதம் என்று பூப்போட்டார்கள். ஏறினவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பேர் சொல்லிக் கும்பிட்டார்கள். யாரும் அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

ஆற்றங்கரை மண் என்கிறாய். அந்த ஆற்றுக்கு மண் எங்கிருந்து வந்தது? இந்த மலை ஓடை அடித்துக்கொண்டு போய்க் கரையில் போட்டதுதானே. பூட்டன் அவளை வீட்டில் கொண்டு விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கேட்டில் நிற்பது கேவலம் என்கிறாய். ஒரு பாஸுக்கு நான் ஏழு தடவை அந்த ஆபீசுக்குப் போகிறேன், பெருமாளு. வெயிலில் உட்கார வைப்பார்கள். உட்காருவேன். நான் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை அந்தப் பாதைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வருஷம் நாம் போகாவிட்டால் உண்ணிச்செடி மூடும். மறு வருஷம், இங்கே பாதையே கிடையாது என்பார்கள். காணிக்காரர் பிள்ளைகளையும் அதே வாயால் மறிப்பார்கள். இருபது பவுன் போட்டுக் கோவில் கட்டினாலும் அது ஈடாகாது.

பாலம்மாள் அத்தையை டோலி கட்டித் தூக்க நாலு பேரை நான் பேசி வைத்திருக்கிறேன். அதை நீ செய்திருக்கலாம்.

தங்கத்தாய்


பாளையங்கோட்டை
16.3.2025

அக்காவுக்கு,

வருகிற 23-ந் தேதி ஞாயிறு காலை பேச்சியம்மனைப் பிரதிஷ்டை செய்கிறோம். பத்திரிகை இத்துடன் இருக்கிறது. பிடிமண் வந்துவிட்டது. நான் பழைய ஓடை வழியாக ஏறி எடுத்துவந்தேன். உன் கையெழுத்தும் தேவைப்படவில்லை, கேட்டும் தேவைப்படவில்லை.

வந்தால் சந்தோஷம். உனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறது.

பெருமாள்ராஜ்


கீழணைக் காலனி
26.3.2025

தம்பிக்கு,

நான் வரவில்லை என்று உனக்குத் தெரியும். சேலையை அத்தைக்குக் கொடு.

இந்த வருஷப் பாஸுக்கு எழுதிய மனு நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. 'தெய்வம் கீழே நிறுவப்பட்டுவிட்டதாக விழாக் கமிட்டி புகைப்படத்துடன் எழுதித் தந்திருப்பதால் இனி அனுமதி தேவையில்லை' என்று இருக்கிறது. நீங்கள் எழுதித் தந்ததன் நகலும் கூட இருக்கிறது, அதன் கீழே உன் கையெழுத்து. ஓடி ஓடி எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஓடை வழி இரண்டு மழைக்கு முன்பே சரிந்துபோனது. ஆடுகூட ஏற முடியாது. உனக்கோ மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். உச்சியில் எந்த இடத்தில் மண் எடுத்தாய்? எனக்கு எழுது.

தங்கத்தாய்


பாளையங்கோட்டை
30.3.2025

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நான் ஏறவில்லை. ஓடை வரைக்கும் போனேன், சரிவைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். கேட்டுக்குப் போனேன், உன் கையெழுத்து இல்லாமல் விட மாட்டோம் என்றார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, பந்தக்கால் நட்டாயிற்று. எந்த முகத்தோடு திரும்புவது? கேட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடைக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துவார்களே, அங்கே குனிந்து ஒரு பிடி எடுத்தேன்.

அன்றைக்குக் கொட்டு அடித்தார்கள். சித்தப்பா மகன் சுந்தருக்குச் சாமி வந்தது. பாலம்மாள் அத்தையை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மண்ணை மோந்து பார்த்து, "ஏல பெருமாளு, மலை வாசம் அடிக்குதுலே" என்று அழுதாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கலையரசிக்குக்கூடத் தெரியாது.

எவனிடமும் கை கட்டி நிற்க மாட்டேன் என்றுதான் இதையெல்லாம் ஆரம்பித்தேன். இப்போது அத்தை முன்னால் நிற்க முடியவில்லை.

உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

பெருமாளு


கீழணைக் காலனி
3.4.2025, வியாழன்

என் தம்பி பெருமாளுக்கு,

கிழிக்கவில்லை.

படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் அத்தையை நினைத்து அழுதேன். அத்தைக்கு அடித்த வாசம் பொய் இல்லை. கேட்டை அங்கே நட்டது ஆபீஸ். மலை அங்கேதான் தொடங்குகிறது என்று பேச்சியிடம் போய் யார் சொன்னார்கள்? உன் கோவிலிலும் அவள் இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். விளக்கை நிறுத்திவிடாதே. நீயும் சாப்பிடு.

ஆனால் உச்சியிலிருந்து ஒரு மணல்கூட இறங்கவில்லை. அவள் இடம் மாறவில்லை. நீ எழுதிக் கொடுத்தது பொய், அந்தப் பொய்யை வைத்துப் பாதையை மூடுகிறார்கள். அது பொய் என்று சொல்ல என்னிடம் இருப்பது உன் கடிதம் ஒன்றுதான். திங்கட்கிழமை அதை ஆபீசுக்குக் கொண்டுபோகிறேன்.

ஊர் உன்னை என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். கமிட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். சுந்தர் வாசலில் வந்து நின்று கத்துவான். எனக்கு வலிக்காது என்று நினைக்காதே. உன்னை முதுகில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவள் நான். என்னை நம்பி எழுதினாய் என்பதும் தெரிகிறது. அதற்காக நான் மலையை விட முடியாது.

நீயே போய்ச் சொன்னால் அது வேறு. "தப்பா எழுதிக் கொடுத்துட்டேன், சாமி மேலதான் இருக்கு" என்று உன் வாயால் சொல்லி அந்தப் பேப்பரைத் திரும்ப வாங்கு. அப்போது உன் கடிதத்தை நான் மடியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

இது சனிக்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். நான் பத்தரைக்குத்தான் உள்ளே போவேன்.

உன் அக்கா
தங்கத்தாய்