மச்சானின் பூட்டு

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்க ஸ்டோரில் போல்ட் பிரித்து அடுக்கினேன். பன்னிரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். இப்போது இரண்டு வருஷமாக லிப்டில் கால் வைத்ததில்லை. ஸ்டோர் ஐந்தாவது மாடியில், படியில்தான் ஏறுகிறேன். விசுவாசம் வளர்ந்ததோ இல்லையோ, கெண்டைக்கால் நன்றாக வளர்ந்திருக்கிறது.

இந்த நோட்டு நர்ஸம்மாவின் உபயம். ஓய்வுபெற்றவர்; சனிக்கிழமை மதியம் சர்ச்சில், மனதில் பாரத்தைச் சுமப்பவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்துகிறார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மூக்கில் இடிக்க ஆறு பேர் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். அறிவுரை கூடாது. வசனமும் கூடாது — சர்ச்சில்! கேட்பவர் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். தோன்றுவதை எழுதி வைக்கச் சொன்னார். என்னதான் தோன்றுகிறது, பார்ப்போம்.

மார்ச் 7, சனி

என் முறை வந்தது. சொன்னேன்.

என் மனைவியின் அண்ணனும் நானும் ஜோடியாக வேலை பார்த்தோம். லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குமுன் மேலே மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். ஆளுக்கொரு பூட்டு, சாவி அவரவர் பையில். ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்ச் ஏறாது. அன்று மச்சான் குழியில், நான் மேலே. போனில் கேட்டேன், முடிந்தது, வெளியே வந்துவிட்டேன் என்றார். என் பூட்டை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். மறந்த டார்ச்சை எடுக்க மறுபடி உள்ளே இறங்கியிருக்கிறார். லிப்ட் இறங்கிவிட்டது.

விசாரணையில் ஒரே வரி எழுதினார்கள்: இறந்தவர் தன் பூட்டைப் போடவில்லை, அவருடைய கவனக்குறைவு.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தோளைத் தட்டுவார்கள், முடிந்தது. இன்று கூட்டத்தில் இருந்த பேக்கரிக்காரர் கேட்டார்:

"தினமும் போடுறவரு அன்னைக்கு மட்டும் ஏன் போடல? அவரு பூட்டு எங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதைவிட விசித்திரம், இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதை யோசித்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இறந்த நண்பனின் கல்லறைக்கு ஆண்டவர் போன பகுதியைப் பாஸ்டர் பேசினார். அவனை எங்கே வைத்தீர்கள் என்று ஆண்டவர் கேட்டாராம். எல்லாம் தெரிந்தவர் எதற்குக் கேட்க வேண்டும்? பிரசங்கம் முழுவதும் அதிலேயே மாட்டிக்கொண்டேன். கேட்டார், கூடவே நடந்தார், அழுதார். ஒருவேளை, அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும் என்று கேட்டாரோ?

மார்ச் 10, செவ்வாய்

காலை ஜெபத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் நான் வாயை மட்டும் அசைப்பேன். இரண்டு வருஷப் பழக்கம். இன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், பக்கத்தில் என் மனைவியும் வாயைத்தான் அசைக்கிறாள்.

அவள் ஏன்?

மார்ச் 12, வியாழன்

கோளாறு தேடும்போது லிப்ட் நின்ற இடத்தில் தொடங்க மாட்டோம். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் தொடங்கி ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்ப்போம். ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து அந்தக் காலையை அப்படித் தொட்டுப் பார்த்தேன். மச்சான் வழக்கம்போல எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தார். செருப்பு. வாசல். வேன். வேனில் சட்டைப் பையைத் தடவினார். பேன்ட் பையைத் தடவினார் —

ஐயோ.

"பூட்ட உங்க வீட்டுலயே வச்சிட்டேன் மாப்ளே. ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடவா?"

"நேரமாச்சு மச்சான். நம்ம ரெண்டு பேருக்கும் என் பூட்டு ஒண்ணு போதாதா?"

நான்தான் சொன்னேன். நானேதான். அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மறந்தேனா, மறைச்சேனா? சத்தியமா எனக்கே தெரியல.

அப்படியானால் பூட்டு என் வீட்டில்தான் இருந்திருக்கிறது. அப்புறம் எங்கே போனது?

மார்ச் 14, சனி

கூட்டத்தில் சொன்னேன். யாரும் தோளைத் தட்டவில்லை. அது நல்லதாகத்தான் இருந்தது. நர்ஸம்மா மட்டும் தன் கேள்வியைக் கேட்டார், வீட்டில் சொல்லியாயிற்றா என்று.

அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். சொன்னால் என்னோடு இருப்பாளா? பயமாக இருக்கிறது. வேறென்ன எழுத.

மார்ச் 15, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

தொண்டைவரை வந்தது. "காபில சர்க்கரை கம்மி" என்று வெளியே விழுந்தது. கம்மியாகவும் இல்லை.

மார்ச் 18, புதன்

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து வேனில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"ஒரு பூட்டு போதும்னு நீங்களா சொன்னீங்க?"

ஆமாம் என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை ஆமாம் என்றேன். கையைப் பிடிக்கப் போனேன், தொடாதீங்க என்றாள். எழுந்து போய்த் தையல் மெஷின் டிராயரைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மடித்த துணிகளின்மேல் வைத்தாள். சிவப்புப் பூட்டு. மச்சானுடையது.

"நீங்க கிளம்பி அஞ்சு நிமிஷத்துலயே பார்த்தேங்க. ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு. ஒரு போன் பண்ணியிருக்கலாம். வேணும்னா அண்ணனே திரும்பி வரும்னு விட்டுட்டேன்."

பிறகு அழுதாள். நானும் அழுதேன், அறையின் இந்த மூலையில் நான், அந்த மூலையில் அவள். அவர்மேல் பழி விழுந்தபோது இரண்டு பேருமே பேசவில்லை; அதை அவள்தான் சொன்னாள். அவளுக்கு என்மேல் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 19, வியாழன்

அவள் பேசவில்லை. பூட்டு அதே இடத்தில், பூட்டியபடியே.

மார்ச் 20, வெள்ளி

மச்சானின் சாவிக்கொத்தைக் கம்பெனியில் என்னிடம்தான் கொடுத்தார்கள். டூல் பெட்டியின் அடியில் போட்டவன் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன். மூன்றாவது சாவியில் பூட்டு திறந்தது. "துருப்பிடிக்கவே இல்ல பாருங்க" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மார்ச் 22, ஞாயிறு

காலை ஜெபம். அந்த வரியில் அவள் குரல் வந்தது, கொஞ்சம் கரகரத்து. நான் பாதியில் சேர்ந்துகொண்டேன்.

மதியம் மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். இறந்தவர் பூட்டை எடுத்துவரத் தயாராக இருந்தார், வேண்டாம் என்றது நான் என்று. அவள் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். வேலை போனாலும் போகும். கடிதத்தோடு பூட்டையும் மேசைமேல் வைத்துத்தான் பேச வேண்டும் என்று முடிவு.

மார்ச் 23, திங்கள்

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் வந்தது. பஸ்ஸும் வந்தது.

"பூட்ட ஃப்ரிட்ஜ் மேலயே வச்சிட்டுப் போறீங்க. திரும்பி வந்து எடுத்துட்டுப் போங்க."

நேரமாச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். கையில் பூட்டோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.