சுமைதாங்கியில் கேப்பை

தென்காசி
சார்வரி வருடம், ஆடி மாதம் 8

சிரஞ்சீவி வல்லிநாயகத்துக்கு,

உன் அப்பா குத்தாலிங்கம் தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம் இது. நானும் பாப்பாவும் சுகம். பம்பாயில் உனக்குக் குற்றாலநாதர் துணை நிற்கட்டும்.

யார் கையெழுத்து என்று திகைத்திருப்பாய். என்னுடையதுதான். அறுபத்தேழு வயதில் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு சாயங்காலத்தில் முதியோர் வகுப்பு நடக்கிறது. ஞானபாக்கியம் டீச்சர் சொல்லித் தருகிறார்கள். நாங்கள் பதினோரு பேர். நான் குச்சியை அழுத்தி அழுத்தி இதுவரை இரண்டு சிலேட்டை உடைத்துவிட்டேன். "எழுத்து எங்கயும் ஓடிப் போயிராது தாத்தா, கழுத்தைப் பிடிக்காதிய" என்று டீச்சர் சிரிக்கிறார்கள். முந்தாநாள் ஆரம்பித்த கடிதம் இது. கை வலிக்கிறது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி, தீப்பெட்டி என்று கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டு திரிகிறேன்.

இந்த இரண்டு வருடமாக உனக்கு வந்த கடிதங்களைத் தபால்கார நாறும்பூநாதன்தான் எழுதினான். அடுத்தவன் கையால் எழுதும்போது அவனிடம் சொல்லக்கூடியதைத்தான் சொல்ல முடியும். "பிள்ளை சுகம், கொஞ்சம் மெலிவு" என்று சொன்னேன். அதைப் படித்துவிட்டு நீ பால்மாவு டப்பா அனுப்பினாய். மாவை நாறும்பூநாதன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். டப்பாவில் சிலேட்டுக் குச்சி போட்டு வைத்திருக்கிறேன். இனி பால்மாவு அனுப்ப வேண்டாம். ஏன் என்று இப்போது நானே சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரி மங்களேஸ்வரி போனபோது பாப்பாவுக்கு இரண்டு வயது. தாயில்லாத பிள்ளைக்குப் பால் குறையக்கூடாது என்று பசு வாங்கிக் கட்டினேன். குடித்ததும் பிள்ளையின் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். வாந்தி எடுப்பாள். கண்ணேறு என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். போட்டுவிட்டு மறுபடியும் மூக்கைப் பிடித்துக் கிண்ணத்தை வாயில் வைத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. பிள்ளை நிற்பதை விட்டாள். கால் இரண்டும் வில் மாதிரி வளைந்தது. இதை நாறும்பூநாதனிடம் எப்படிச் சொல்லி எழுதச் சொல்வேன்?

போன புரட்டாசியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "பால் இந்தப் பிள்ளைக்கு ஆகாது பெரியவரே. இன்னையோட நிறுத்தும். ஆனா எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேணும். நெத்திலிக் கருவாட்டை முள்ளோட இடிச்சுக் குடும்" என்றார். நம் வீட்டில் அது புழங்காது என்றேன். "அப்ப முள்ளில்லாத வழியை நீரே தேடும். அடுத்த மழைக்காலத்துக்குள்ள கால் நேராகலைன்னா அப்படியே நின்னுபோகும்" என்றார். பசுவை அன்றைக்கே பாவூர்சத்திரம் சந்தைக்கு ஓட்டிவிட்டேன். ஆனால் பாலை விட்டால் வேறு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சோறும் ரசமும் ஊட்டினேன்.

மேலகரம் போகும் ரோட்டில் நாம் வைத்த சுமைதாங்கியை நீ பார்த்ததில்லை. வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு வழியில் கல் நிறுத்த வேண்டும் அல்லவா? வழிப்போக்கர்கள் அதில் பாரம் இறக்க இறக்க அவள் பாரமும் குறையும் என்று. நீ வர முடியவில்லை என்று எழுதினாய். நானே நிறுத்தினேன். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல், என் தோள் உயரம். தினமும் காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போவேன். பாதி வழியில் மூச்சு வாங்கும். அந்தக் கல்லின் பக்கத்தில் அவளை வெயிலில் இறக்கிவிட்டு உட்காருவேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பலகைக் கல்லின் மேல் ஒரு சிறு முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் முளைகட்டிய கேப்பை. முளை வெள்ளையாக, ஈரம் காயாமல் இருந்தது. காய்கறிச் சுமை கொண்டுவரும் வள்ளித்தாயைக் கேட்டேன். "நான் வைக்கல அண்ணாச்சி. கல்லு எறக்கி ஏத்தத்தான். வச்சிட்டுப் போக நான் என்ன சீர் கொண்டாந்தேனா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, விடியுமுன் வரும்போது யாரும் அதில் சுமை இறக்குவதில்லை என்றாள். ஏன் என்றேன். "ஏற்கெனவே யாரோ எறக்கி வச்சிட்டு நிக்க மாதிரி இருக்கு. எடம் இல்லாத மாதிரி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

கேப்பையை எறிய மனம் வரவில்லை. அரைத்துப் பிழிந்து, காய்ச்சிக் கொடுத்தேன். பிள்ளை கிண்ணத்தை நக்கினாள். வாந்தி இல்லை, தடிப்பு இல்லை. தீரும்போதெல்லாம் கடையில் கேழ்வரகு வாங்கி அதே மாதிரி முளைகட்டினேன். மார்கழியில் வேறொரு முடிச்சு வந்தது. வறுத்த எள்ளும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் இருந்தன. மாசியில் ஒரு கட்டு முருங்கைக் கீரை, பழுத்த இலை ஒன்றுகூட இல்லாமல் ஆய்ந்திருந்தது. சித்திரையில் பிரண்டை, அதோடு ஒரு உருண்டைப் புளி. எல்லாம் வெள்ளிக்கிழமை. எல்லாம் ஒரே துணியில் கிழித்த துண்டுகள், மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை. அந்தச் சேலை உனக்கு ஞாபகம் இருக்கும். அதை உடுத்தித்தான் அவள் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கார் ஏறினாள். ஆலங்குளம் தாண்டும்முன் எல்லாம் முடிந்தது. அந்தச் சேலையோடுதான் அவளைச் சிதையில் வைத்தோம். நெருப்பு வைத்தவன் நான்.

பயந்தேன் என்று நினைக்காதே. முதல் முறை மட்டும் முடிச்சை இரண்டு தரம் கட்டி அவிழ்த்துப் பார்த்தேன். அடுத்த முறை சிரித்துவிட்டேன். வீட்டில் ஒரு பெண் இருந்து பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. பாப்பா அந்தக் கல்லில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்ன பிள்ளை கேட்கிறாய் என்றால், "அம்மை மூச்சு வாங்குறா" என்பாள். தாயின் முகம் நினைவிருக்கும் வயதா அது?

இனி எழுதப்போவதற்காகத்தான் நான் எழுத்தே கற்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

பூசை மாடத்தில் விபூதித் தட்டின் அடியில் ஒரு காகிதம் இருந்தது. கார் ஏறிய அன்று காலையில் மங்களேஸ்வரி வைத்தது. அவள் பாடும் பதிகத்தை எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு வருடமாகத் தினமும் அதற்குப் பூ வைத்து, விபூதி தூவிக் கும்பிட்டேன். என்னைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. போன மாதம் ஆனியில், நமக்குத்தான் படிக்க வருகிறதே, பதிகத்தைப் பாடிவிடுவோம் என்று ஆசையாக எடுத்தேன். ஒரு காலைப்பொழுது முழுவதும் எழுத்துக்கூட்டினேன். அதில் இருந்தது இதுதான். பார்த்து எழுதுகிறேன்.

"மாமாவுக்கு நமஸ்காரம். பாப்பாவுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்தது. பால் கொடுக்க வேண்டாம். கேப்பையை முளைகட்டி அரைத்துக் காய்ச்சிக் கொடுக்கவும். எள்ளை வறுத்துக் கருப்பட்டி சேர்த்து இடித்துக் கொடுக்கவும். முருங்கைக் கீரை கொடுக்கவும். பிரண்டைத் துவையலுக்குப் புளி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு நாக்கு அரிக்கும். காலையில் வெயிலில் உட்கார வைக்கவும்."

வரிசையைப் பார்த்தாயா?

என் முன்னால் அவள் வாய் திறந்து பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள். அதனால் எழுதி வைத்தாள். தினமும் காலையில் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரை விரித்து உட்காருவதைப் பார்த்தவள் அவள். மாமாவுக்குப் படிக்கத் தெரியும் என்று நம்பினாள். தெரியாது என்பது அப்போது உன் அம்மாவுக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். என் மானத்தைக் காக்க நீயும் அவளிடம் சொல்லவில்லை. உன்மேல் குற்றமில்லை. பேப்பரை விரித்தவன் நான்.

நல்லதைச் சொல்கிறேன். பாப்பா இப்போது நிற்கிறாள். கால் வளைவு பாதி போய்விட்டது. டாக்டர் தட்டிப் பார்த்து, "கருவாடு இல்லாம எப்படி வேய் சாதிச்சீரு?" என்றார். வீட்டுப் பெண்பிள்ளை கைப்பக்குவம் என்றேன். போன வாரம் வாய்க்கால் கரையிலிருந்து கல் வரைக்கும் பன்னிரண்டு அடி தானாக நடந்தாள். நான் பின்னால் நின்று எண்ணினேன். யாரோ கை நீட்டிக் கூப்பிடுகிற மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போனாள்.

சித்திரைக்குப் பிறகு முடிச்சு வரவில்லை. காகிதத்தில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதை மேலே எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

"அவர்களை ஒரு நடை வந்து பிள்ளையைப் பார்க்கச் சொல்லி மாமா எழுத வேண்டும். நான் எழுதினால் வர மாட்டார்கள்."

மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இனி வர வேண்டியது இது ஒன்றுதான். இப்போது சாரல் காலம். ரோடு, மரம், கல் எல்லாம் விடாமல் நனைகிறது. அந்தப் பலகைக் கல்லில் மட்டும், ஒரு ஆள் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற அளவுக்கு, ஈரம் இல்லை. கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. அது ஸ்டேஷன் பக்கம் பார்த்த ஓரம்.

ரயிலை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராதே, ஐயா. முதலில் அங்கே போ. பெட்டியைப் பலகைக் கல்லின் மேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில். பிள்ளை உன்னிடம் நடந்து வருவாள். கையை நீட்டிக்கொண்டு நில், அது போதும். உனக்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
கல்லருகில் உனக்காகக் காத்திருப்பவர்களில் மூத்தவன்,
குத்தாலிங்கம்