வண்டியில் இரண்டாவது சீட்

என் அன்புச் சிட்டுவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக இப்படி எழுதிவிட்டு நேராக உன் சாப்பாடு தூக்கம் என்று விசாரிக்கப் போய்விடுவேன், இந்த முறை அந்த நலத்திலேயே சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால் கை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படி. பயப்படும்படி ஒன்றுமில்லை. என் முழங்கால் வலி போட்ட இடத்திலேயே இருக்கிறது, அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஊர் வண்டியை எல்லாம் பிரித்து மாட்டுகிற மனுஷர் வீட்டில் ஒரு குழாய்க்கு வாஷர் போட ஆள் இல்லை. கேட்டால் நாளைக்கு என்பார். அது எந்த வருஷத்து நாளை என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்தது. லீவுக்கு வருவதாக இல்லை என்று எழுதியிருக்கிறாய். பெரிய பதவி கிடைத்த செய்தியை ஆசையாகச் சொன்னால் இங்கே மழை என்று சொல்லிவிட்டு அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டார், அவ்வளவு தூரத்து வேலைக்கு நீ போன கோபம் இன்னும் ஆறாத வீட்டுக்கு எதற்கு வருவது என்று கேட்டிருக்கிறாய். இத்தனை நாளாக நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷருக்கு என்ன இவ்வளவு வீம்பு என்று எத்தனையோ நாள் சோற்றைத் தட்டில் கொஞ்சம் வேகமாகவே போட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. நல்லவேளை காட்டவில்லை.

ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததே அந்தக் கூரையில்லாத சின்ன வண்டி, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உள்ளே உட்கார்ந்து வாயாலேயே ஓட்டுவாயே, அது இப்போது நிஜமாகவே ஓடுகிறது. பழைய பந்தயக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பா போனார், திரும்பி வரும்போது ஆறு சிலிண்டர் பந்தய இன்ஜின் ஒன்றைக் கயிறு கட்டி இறக்கினார். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் ஓடிய இன்ஜினாம். அதை இறக்கிய பயபக்தியைப் பார்த்தால் வீட்டுக்கு மருமகள் வந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து ஷெட்டே கதி. பழைய இன்ஜினைவிட இது நீளம், அதனால் உள்ளே தள்ளி வைத்தால் டிரைவர் பக்கத்து சீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வெல்டர் வந்து பார்த்துவிட்டு, அந்த சீட்டத் தூக்கிடுங்கண்ணே, பந்தய வண்டிக்கு ஒரு சீட்டு போதும், வேலையும் மிச்சம் என்றார். அப்பா முடியாது என்று ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக வண்டியின் முன்பக்கத்தை அறுத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, தகரத்தை எல்லாம் மறுபடி அடித்து வளைத்து, கோடை முழுக்க இரண்டு பேரும் வெந்தார்கள். நடுவில் ஒரு நாள் உன் பழைய ஜீன்ஸ் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். கிரீஸ் துடைக்க என் பெண் துணிதான் கிடைத்ததா என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் இன்ஜினை முதல் தடவை கிளப்பினார்கள். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஓடினார், ஏதோ இடிந்து விழுகிறது என்று நினைத்தாராம். அது சீராக ஓடாமல் இருமிக்கொண்டும் வெடித்துக்கொண்டும் இருந்தது. அதற்கு மூன்று கார்புரேட்டர், பெட்ரோலில் காற்றைக் கலந்து இன்ஜினுக்குள் அனுப்புகிற சாமான். ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொன்றின் வாயிலும் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டுமாம், காற்று இழுக்கிற உஸ் சத்தம் மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் சரி. அப்பா கேட்டார், மூணும் ஒண்ணுதான் என்றார். இன்ஜின் மறுபடி வெடித்தது. திருப்பித் திருப்பிக் கேட்டார், திருப்பித் திருப்பி அதையே சொன்னார். டீ கொண்டுபோன நான் விளையாட்டாகக் குழாயை வாங்கிக் காதில் வைத்தேன். ஒன்று குக்கர் போல உஸ்ஸென்று சீறுகிறது, ஒன்று லேசாகப் பெருமூச்சு விடுகிறது, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். இது கூடவா கேக்கல உங்களுக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

வெல்டர் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சுத்தமாக இருந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் பணிமனையில் அத்தனை வருஷம் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றவர், காதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தடித்த சத்தம் கேட்கிறது, மெல்லிய சத்தம் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுகிறார், அதனால்தான் எனக்கே தெரியவில்லை. போனில் முகம் ஏது. அவ குரல் ரொம்ப சன்னமா வருது, என்ன கேக்கறான்னே புரியல, எதாவது உளறி அவ மனசு கஷ்டப்பட்டுடுமோன்னுதான் மழையைச் சொல்லிட்டு உன்கிட்ட குடுத்துடறேன் என்றார். எனக்கு வந்த அழுகையில் நானும் சரியாகக் கேட்கவில்லை. உன் பதவி விஷயத்தை அப்போதுதான் உரக்கச் சொன்னேன். யாரும் சொல்லவே இல்லையே என்றார். பிறகு வெளியே போய் எதிர்வீட்டு அம்மாளிடம் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தார்.

அவகிட்ட சொல்லாத, தூரத்துல உக்காந்து கவலைப்படுவா என்று என்னிடம் வாக்கு வாங்கினார். அந்த வாக்கைத்தான் இப்போது இந்தக் கடிதத்தில் போட்டு உடைக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். அவர் பக்கத்திலேயே இருக்கிறாரே என்று யோசித்தேன், அப்புறம்தான் அவருக்குக் கேட்காதே என்று நினைவு வந்து தனியாகச் சிரித்தேன். ஆனாலும் இது எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம் என்று பட்டது. இப்போது இன்ஜினுக்கு நான்தான் காது. குழாயை வைத்துக்கொண்டு நான் நிற்பேன், அவர் திருகைத் திருப்புவார், என் கையைப் பார்ப்பார், சத்தம் ஏறினால் கையை ஏற்றுவேன், குறைந்தால் இறக்குவேன். ஒரு வாரம் ஆனது. கல்யாணமானதிலிருந்து நான் சொன்னதை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அந்த வாரம்தான். காது டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் வண்டி முடியட்டும் என்றார். வண்டி முடிந்தது, இப்போது சமையலறைக் குழாய் முடியட்டும் என்கிறார். நீயும் எந்நேரமும் காதில் எதையாவது செருகிக்கொண்டு இருக்காதே, பரம்பரை வேறு சரியில்லை.

நேற்று முதல் தடவை வெளியே எடுத்தோம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நானும் ஏறினேன். அந்த வண்டி கிளம்பிவிட்டால் யாருக்கும் எதுவும் கேட்காது சிட்டு, நல்ல காது கெட்ட காது எல்லாம் ஒன்றுதான். அவர் கத்துகிறார், நான் கத்துகிறேன், இரண்டு பேருக்கும் புரியவில்லை, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எத்தனையோ வருஷம் கழித்துப் பார்த்தேன். ஆனால் எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கால் முன்பலகைக்கு எட்டாமல் தொங்குகிறது, வளைவில் எல்லாம் கைப்பிடியைக் கட்டிக்கொண்டேன். பெட்ரோல் போட நிறுத்தியபோது, இந்தச் சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளுங்க என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தள்ள முடியாது, போல்ட் போட்டு முறுக்கியாச்சு என்றார். யாருக்கு அளவு பார்த்துப் போட்டீங்க, நான் என்ன ஒட்டகமா என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் பெட்ரோல் மூடியையே துடைத்துக்கொண்டு, அவளுக்குக் கால் நீளம், ஜீன்ஸ வச்சு அளந்துதான் போட்டேன் என்றார்.

வீடு வந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்தேன். அந்த ஜீன்ஸைத் தேடிப் பார்த்தேன், ஒரு சொட்டு கிரீஸ் இல்லாமல் மடித்துப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார். உனக்கும் அவரிடம் கத்த வேண்டியது நிறைய இருக்கும், எனக்குத் தெரியும். வந்து அந்த வண்டியில் உட்கார்ந்து கத்து, அவருக்கும் உன்னிடம் கத்த இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. புதுப் பதவியில் நீ நல்ல பெயர் எடுத்து, உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். போனில் அப்பா மழை என்று சொன்னால் கோபப்படாதே, ஆமாம்ப்பா இங்கேயும் மழைதான் என்று சொல். வரும்போது மறக்காமல் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கி வா. எந்தத் தேதியில் வருகிறாய் என்று உடனே எழுது.

இப்படிக்கு,
உன் சீட்டில் கால் எட்டாமல் உட்கார்ந்திருக்கும்
அம்மா