அறுத்தெடுத்த ஐந்து கூடுகள்

ஊ மின்
ஏப்ரல் 14

அன்புள்ள தியெம் அக்காவுக்கு,

தங்கை குயேன் எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா நலமாக இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் காதுபட இதைப் பேச முடியாது. அதனால்தான் உன் தொழிற்சாலை விடுதிக்கு இந்தக் கடிதம்.

இந்தக் கோடையில் த்ராம் மரங்கள் நன்றாகப் பூத்தன. காட்டில் அப்பா சாய்த்துக் கட்டிய பன்னிரண்டு கழிகளில் ஒன்பதில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. நீ இல்லாததால் தேனீக்களை விரட்டும் புகைக்கட்டைப் பிடிக்க என்னைப் படகில் அழைத்துப் போனார். முதல் கழியில் கூடு இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஐந்து கழிகளில் யாரோ முழுக்கூட்டையும் கழியோடு ஒட்ட அறுத்திருந்தார்கள். தேன் இருக்கும் தலையை மட்டும் அறுத்து, குஞ்சுகள் வளரும் புழுக்கூட்டை விட்டுவைத்திருந்தால் மூன்று வாரத்தில் தேனீக்கள் மறுபடி நிரப்பியிருக்கும். இப்போது தேனீக்களும் போய்விட்டன. அப்பா புகைக்கட்டைப் பற்றவைக்காமலே படகைத் திருப்பினார்.

மறுநாள் உன் வீட்டில் தனியாக இருக்கும் கியெட் அத்தானுக்கு வழக்கம்போல மீன் குழம்பு கொண்டுபோனேன். முற்றத்தில் வாத்துகள் வெள்ளைப் புழுக்கூட்டைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அத்தான் இந்த வருடம் ஒரு கழிகூட நடவில்லை. நம் கழிகள் எங்கே நிற்கின்றன என்று அவருக்குக் காட்டியது அப்பாதான். நீங்களா அறுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். “வாங்க, போலீஸ் அம்மா! மாமனார் கழி, மருமகன் கத்தி. நான் என்ன வேத்தாளா? போ, இதையும் உன் நோட்டுல எழுதிக்கோ.”

அப்பாவிடம் சொன்னேன். வலையில் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். பிறகு, “நீ வாத்தத்தான் பாத்தே. வேற ஒண்ணும் பாக்கல, சரியா?” என்றார்.

சனிக்கிழமை தேன்காரர் சங்கம் கூடியது. தலைவர் எட்டாம் மாமா காட்டைச் சுற்றி வந்தபோது வெறும் கழிகளைப் பார்த்திருக்கிறார். “லான், உன் கழி அஞ்சும் மொட்டையா நிக்குதே, யாரு வேலை?” என்று கேட்டார். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான்தான் அறுத்தேன். புத்தி கெட்டுப்போச்சு” என்றார். உடனே ஒருவர், “முப்பது வருஷமா எங்களுக்கு நியாயம் பேசுன ஆளு, கடைசில புழுவயும் சேத்துப் புழிஞ்சிட்டாரேப்பா!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் அத்தானும் சிரித்தார், அக்கா. நான் பார்த்தேன்.

எட்டாம் மாமா மட்டும் சிரிக்கவில்லை. “எவனக் காப்பாத்துறே?” என்று கேட்டார். “நான்தான்” என்று அப்பா மறுபடியும் சொன்னார். முழுக்கூட்டை அறுத்தவருக்கான சங்கத்து வழக்கப்படி மூன்று வருடத்துக்கு அப்பா காட்டில் கழி நடக்கூடாது. பௌர்ணமிக்குள் வேறு யாராவது வந்து உண்மை சொன்னால் அப்பாவுக்கு மன்னிப்பு. இல்லையென்றால் அன்றைக்கே, தேனீக்கள் இருக்கும் மீதி நான்கு கழிகளையும் அப்பா தன் கையாலேயே பிடுங்க வேண்டும்.

வீடு திரும்பும்போது ஏன் என்று கேட்டேன். “அவன் பேரு வெளிய வந்தா இந்தக் கால்வாய்க் கரைல அவன எவன் சேப்பான்? நாளைக்கு உங்கக்கா வந்து எங்க குடியிருப்பா?” என்றார்.

முந்தாநாள் நீ போனில் பேசியதும் எனக்குக் கேட்டது. அத்தான் அனுப்பிய தேன் கலங்கலாக இருக்கிறது, புளிக்கிறது, விடுதிப் பெண்கள் குறை சொல்கிறார்கள் என்றாய். “புழியறப்ப புழு கலந்திருக்கும்” என்று மட்டும் அப்பா சொன்னார். நீ உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். பத்து வயதிலிருந்து அப்பாவோடு கூடு அறுத்தவள் நீ. முழுக்கூட்டைப் பிழிந்த தேன் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீ ஏன் மழைக்குத் தாவினாய் என்று நான் கேட்கவில்லை.

பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள். கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகும். அத்தானை எட்டாம் மாமாவிடம் போகச் சொல். முடியாவிட்டால் நீயே மாமாவிடம் போனில் இரண்டு வார்த்தை சொல். இரண்டும் முடியாவிட்டால் இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரவே இல்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். கடிதங்கள் தொலைய இது மழைக்காலம்கூட இல்லை, ஆனாலும் எங்கோ தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
குயேன்