மீற்றர் இருக்கும் அறை

வேலைக்குப் போகுமுன் பாலேஸ்வரி கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கணவருக்கு எழுதினாள். நேற்றைய கோபம் இன்னும் ஆறவில்லை. பேனை தாளைக் குத்திக் கிழித்தது.

"இஞ்சேருங்கோ, வீட்டுக்காரர் சொன்ன மாதிரி கறன்ட்டுக்கு மாசாமாசம் ஒரே தொகைக்கு மாறுவம். காசு கூடத்தான், எனக்கும் தெரியும். ஆனா இப்ப மாதிரி யூனிற் கணக்கெண்டால் மாசக் கடைசியில அவர் மீற்றர் பார்க்க உள்ளுக்கு வருவார். மீற்றர் இருக்கிறது தம்பி படுக்கிற அறையில. யாழ்ப்பாணத்தால வந்தவனுக்கு இன்னும் பொலிஸ் பதிவு இல்லை, தெரிஞ்சால் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம். அவனுக்கு முன்னால இதைச் சொன்னால் உடனே வீட்டை விட்டு வெளிக்கிட்டிடுவான். அதுதான் நேற்று வாயை மூடிக்கொண்டிருந்தனான். நீங்கள் சல்லியின்ர அருமை தெரியாதவள் எண்டு கத்தினியள்."

'கத்தினியள்' என்பதை வெட்டி, 'சொன்னியள்' என்று மாற்றினாள்.

"வீட்டுக்காரர் தந்த பத்திரம் மேசையில கிடக்கு. இண்டைக்கே கையெழுத்து வச்சுக் குடுங்கோ."

இடம் முடிந்துவிட்டது. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"வாசிச்சதும் இதை எரிச்சுப்போடுங்கோ. பத்திரத்தில, வீட்டில எத்தனை பேர் எண்டு கேட்ட இடத்தில இரண்டு எண்டு எழுதியிருக்கிறன். சோறு மூண்டு பேருக்கு வடிச்சு வச்சிருக்கு."