வீட்டிலுள்ளவர் சம்மதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே இருவரும் நலம். நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய். வீட்டில் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வேலை செய்கிற இடத்தில் போன் பேச விடமாட்டார்கள். அதனால் தையல் கூடத்தில், சாப்பாட்டு நேரத்தில், மெஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வழக்கைப் பற்றிப் பேப்பரில் பார்த்தோம். துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வீட்டிலுள்ளவர் சம்மதம் வேண்டும் என்கிற புதுச் சட்டம் செல்லாது, ஒருவருடைய உரிமைக்கு இன்னொருவர் கையெழுத்து எதற்கு என்று கோர்ட்டில் கேட்டிருக்கிறாய். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறார். தலைவலி மாத்திரை ஒன்று கேட்டு வந்தவர்கள் இரண்டு அட்டையாக வாங்கிப் போகிறார்கள்.

நீ கேட்டதில் தப்பில்லை. கடையில் திருடர்கள் புகுந்து அவர் மண்டையை உடைத்தபோது, எல்லாம் முடிந்த பிறகுதான் போலீஸ் வந்தது. கையில் துப்பாக்கி வந்த பிறகுதான் அவர் மறுபடி கடையைத் திறந்தார். வாங்கச் சொன்னவளே நான். அதை அரசாங்கம் சும்மா வந்து பிடுங்கிக்கொண்டு போனால் எனக்கும் கோபம் வரும்.

ஆனால் இப்போது அது கடையில் இருப்பதில்லை. வீட்டு சோபாவில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் கரண்ட் போனதால் எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பின்கதவைத் திறந்து உள்ளே வந்தேன். அவர் சமையலறை வாசலில் நின்று என் நெஞ்சுக்கு நேராகக் குறிவைத்துக்கொண்டிருந்தார். என் முகம் அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்று மட்டும் கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு "நான்தான், நான்தான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகிறேன். எனக்கு அலுத்துவிட்டது தம்பி.

அவர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. பயந்துபோன மனுஷன், அவ்வளவுதான். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு" என்று எழுந்து போய்விடுகிறார்.

போன வாரம் லைசென்ஸ் விஷயமாக ஒரு பெண் அதிகாரி வந்தார். என்னைத் தனியாக உட்காரவைத்து, "உங்களுக்கு ஏதாவது பயம் இருக்காம்மா?" என்று கேட்டார். இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை. நீகூடக் கேட்டதில்லை. அடுத்த அறையில் அப்பா அந்த அம்மாவுக்காக டீ போட்டுக்கொண்டிருந்தார். கரண்டி சத்தம் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை மறுபடி வருகிறார். அதற்குள் நீ ஜெயித்துவிட்டால் இனி என்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

வழக்கை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அது உன் தொழில், உனக்கு நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நான் சம்மதிக்கப் போவதில்லை. அதை உன் அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். வக்கீலாக வேண்டாம், பிள்ளையாக வா. முந்தின நாளே வந்துவிடு.

எப்போதும்போல ஆச்சரியப்படுத்துகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்காதே. சாவி உன்னிடம் இருந்தாலும் கதவை நீயாகத் திறக்காதே, ராஜா. தெருவிலேயே நின்று போன் பண்ணு. நான் வந்து திறக்கிறேன்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே எதிர்பார்த்திருக்கும்,
அம்மா